பாதித் தலையும் முழு உடலும்

ஒற்றைத் தலைவலி இன்று நேற்று வந்த நோயன்று. சுசுருதர் தலைநோய்களைப் பதினொன்றாக வகுத்தார். பாதித் தலையைப் பிளப்பதற்கு அர்த்தாவபேதகம் என்றும், ஞாயிறு ஏற ஏறி, சாயச் சாயத் தணிவதற்குச் சூரியாவர்த்தம் என்றும் அவற்றுள் பெயருண்டு. கிரேக்க மருத்துவர் காலன் இட்ட பெயருக்கும் 'பாதி மண்டை' என்பதே பொருள். 'மைக்ரேன்' அதன் திரிபு. பாகான் டாலாமில் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போடும் பாட்டிமார் இப்பெயர்களை அறியாதிருக்கலாம், நோயை நன்கறிவர்.

மேனாட்டு மருந்தின் கதை ஒரு நஞ்சில் தொடங்குகிறது. கம்புக் கதிரில் தேன்போல் வடிந்து, பின் கருத்து இறுகும் பூசண நோயைத் தமிழ்நாட்டில் தேன் ஒழுகல் என்பர். அதற்கு உறவான பூசணமொன்று ஐரோப்பாவில் 'ரை' என்னும் தானியத்தைப் பற்றும். அம்மாவை உண்டோர்க்கு இரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் கருகி விழுந்தன. 'புனித அந்தோணியார் நெருப்பு' என்று மக்கள் அஞ்சினர். 1918-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்தர் ஸ்டோல் அப்பூசணத்திலிருந்து எர்கோடமினைப் பிரித்தெடுத்தார். கையைக் கருக்கிய அதே குணம், அளவோடு கொடுத்தபோது தலைவலிக்கு மருந்தாயிற்று. 1938-இல் கிரஹாம், உல்ஃப் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், நெற்றிப்பொட்டு நாடியின் துடிப்பு குறையக் குறைய வலியும் குறைவதை அளந்து காட்டினர்.

ஆனால் நோயாளிக்கு மாரடைப்பு நோயும் இருந்தால் என் செய்வது? தலையில் குழாயைச் சுருக்கும் மருந்து இதயத்தை மட்டும் விட்டுவிடுமா? எர்கோடமின் அத்தகையோர்க்கு ஆகாது.

உடனிருக்கும் நோய் வழிகாட்டியதும் உண்டு. 1966-இல் நெஞ்சுவலிக்காகப் புரோப்பிரனோலால் கொடுத்தபோது ஒரு நோயாளியின் ஒற்றைத் தலைவலியும் அடங்கியதை மருத்துவர் கண்டனர். தேடாமற் கிடைத்த மருந்து! இரத்த அழுத்தம் உள்ளவர்க்கு இரட்டை நன்மை. ஆஸ்துமா உள்ளவர்க்கோ மூச்சுக் குழல் இறுகும்.

இந்நோயில் அரியதொரு வகை, வலியோடு உடலின் ஒரு பாதியையும் தளரச் செய்வது. பேச்சுக் குழறும், பெரும்பாலும் சில மணியிலோ நாளிலோ மீளும். காண்போர் பக்கவாதம் என்றே எண்ணுவர். முதன்முறை அவ்வாறே எண்ணி மருத்துவமனைக்கு விரைவதே முறை. குடும்பவழி வரும் இவ்வகைக்குக் காரணமான மரபணு ஒன்றை 1996-இல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர் கண்டறிந்தனர். அது நரம்பணுவில் கால்சியம் புகும் வாயிலைப் பற்றியது.

1991-இல் விற்பனைக்கு வந்த சுமட்ரிப்டான் எத்தனையோ பேரை இருட்டறையிலிருந்து எழுப்பியது. ஆனால் இவ்வகையினர்க்கு அது விலக்கப்பட்டது. இவர்க்கு வெராபமில், ஃபுளுனாரிசின், அசெட்டசோலமைடு முதலியவற்றைக் கொடுத்துப் பார்ப்பர். சிலரைக் கொண்டே அறிந்த பயன் அது. அங்கும் உடனிருக்கும் நோய் குறுக்கிடும்: மனச்சோர்வு உள்ளவர்க்கு ஃபுளுனாரிசின் தகாது, முன்பே புரோப்பிரனோலால் உண்பவர்க்கு வெராபமிலும் சேர்ந்தால் இதயத்துடிப்பு ஆபத்தாகத் தளரக்கூடும். ஆகவேதான் தலைவலிக்கென வருபவரிடம் வேறென்ன மாத்திரை உண்கிறீர் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்கிறார்.

2018-இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த எரெனுமாப் என்னும் ஊசி மருந்து, எர்கோடமினைப்போல் குழாயைச் சுருக்கும் வகையன்று. எனினும் அதன் பெருஞ்சோதனைகளிலும் பாதியுடல் தளரும் நோயாளர் சேர்க்கப்படவில்லை.