பச்சை உடம்புக்காரிக்கு யார் துணை?

நற்றிணையின் 40-ஆம் பாடலுக்குள் பிள்ளை பெற்ற வீடு ஒன்று இருக்கிறது. காவல் மிகுந்த மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தலில் பாணர்கள் காவலிருக்கிறார்கள். பெண்கள் ஒருபுறம் நற்சொல் கேட்க நிற்கிறார்கள். மெத்தென்ற துணி விரிப்பில் செவிலியோடு குழந்தை தூங்குகிறது. வெண்கடுகு அப்பி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, பசுநெய் பூசிய உடலோடு தாயும் கண்மூடிக் கிடக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் நள்ளிரவில் கள்வனைப்போல வருகிறான்.

பாடல் பரத்தையின் கூற்று, ஊடலின் கதை. என்றாலும் பேறுகாலக் கவனிப்பின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு அதில் பெரிய சான்று கிடைக்கிறது. பெற்றவள் தூங்குகிறாள், பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொள்கிறாள். எண்ணெயும் நெய்யும் இருந்தால் போதாது, அவளுடைய வேலையை ஏற்க வேறு கைகள் வேண்டும். செல்வர் வீட்டில் அந்தக் கைகளுக்குக் குறைவில்லை. மற்றவர்களுக்கு?

மற்றவர்களுக்குத் தாய்வீடு இருந்தது. பேறுகாலத்தில் பெற்ற அம்மாதான் துணை என்ற எதிர்பார்ப்புக்குத் தமிழ்நாட்டில் ஒரு கோயிலே சாட்சி சொல்கிறது. திருச்சி மலைக்கோட்டையில் இருக்கும் இறைவன் பெயர் தாயுமானவர். பேறுகாலத்தில் இருந்த ரத்தினாவதி என்ற செட்டிப் பெண்ணுக்குத் துணையாக வரவேண்டிய அவள் அம்மாவைக் காவிரி வெள்ளம் தடுத்து நிறுத்திவிட, சிவனே அந்த அம்மாவின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது தலபுராணம். சித்திரைத் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று அதை இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கடவுளுக்கே தகுந்த வேலையாக வைத்துப் போற்றியிருக்கிறது ஒரு சமூகம். அதே சமூகம் அந்த வேலையை உண்மையில் செய்த மருத்துவச்சியை, பெரும்பாலும் முடிதிருத்தும் சாதியைச் சேர்ந்த அந்தப் பெண்ணை, வாசலுக்கு வெளியே நிறுத்தி நெல் அளந்து அனுப்பியது.

தாய்வீட்டு அடுப்படியில் பேறுகாலத்துக்கென்றே தனிச் சமையல் நடந்தது. சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சதகுப்பை எல்லாம் இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகில் போட்டு, நல்லெண்ணெயும் நெய்யும் விட்டுச் சுருளக் கிண்டிய லேகியத்தைக் காலையில் ஓர் உருண்டை தருவார்கள். மதியம் பூண்டுக் குழம்பு. கடலோர ஊர்களில் பால் ஊறச் சுறாப்புட்டு. யாழ்ப்பாணத்தில் மிளகும் மல்லியும் மஞ்சளும் சேர்த்து அரைத்த சரக்கை இட்டுக் கறி. நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை இடுப்பிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். குளித்து வந்ததும் பழைய நூல்சேலையைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். இதையெல்லாம் எழுதிவைத்தவர்கள் குறைவு. பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போன கல்வி இது.

தீட்டு என்ற பெயரில் அவளை ஒதுக்கிவைத்ததும் இதே வீடுகள்தான். யாழ்ப்பாணத்தில் 31 நாள் துடக்கு. அடுப்பைத் தொடாதே, கிணற்றடிக்குப் போகாதே என்ற கட்டளைகளால் அவளுக்கு வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. சில வீடுகளில் அந்த விடுதலைக்கு அவள் கொடுத்த விலை, காற்றும் வெளிச்சமும் வராத ஓர் அறை. அவமதிப்பின் வழியாகத்தான் ஓய்வு வந்தது என்பதை மறைத்துவிட்டுப் பழைய வழக்கத்தைப் புகழ்வது நியாயமாகாது.

பத்தியத்தில் தவறுகளும் இருந்தன. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று தாகத்தில் தவிக்கவிட்டார்கள். தாய்ப்பால் சுரக்கத் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும் நாட்கள் அவை. இந்தக் கெடுபிடிக்கெல்லாம் பின்னால் இருந்தது ஜன்னி பற்றிய பயம். குளிர் பட்டால் ஜன்னி வரும் என்று நம்பினார்கள். பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் கண்டு பிதற்றி இறந்துபோன பெண்கள் பலரைக் கொன்றது கிருமித்தொற்று. பிரசவம் பார்ப்பவரின் கைவழியே அது பரவுகிறது என்பதை வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் 1847-இல் காட்டினார். சல்பா மருந்துகள் 1930-களில் வந்தபிறகுதான் அந்தச் சாவுகள் வேகமாகக் குறைந்தன. சென்னையில் 1844-லேயே பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியாயிற்று. எழும்பூரில் இன்றிருப்பது அதன் தொடர்ச்சி. அங்கே போகத் தயங்கிய, திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களையும் சாதிக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களையும் மனத்தில் வைத்து, மேரி ஷார்லீப் என்ற மருத்துவரின் முயற்சியால் 1885-இல் தனி மருத்துவமனை ஒன்று உருவானது. இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான்.

ஆனால் லேகியமும் அறையும் ஆஸ்பத்திரிக் கட்டிலும், அன்றாடக் கூலியை நம்பியிருந்தவளுக்கு ஓய்வைத் தரவில்லை. நாற்று நட்டவளும் மில்லில் நின்றவளும் ரத்தப்போக்கு நிற்குமுன்பே வேலைக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் போகாவிட்டால் அன்றைக்கு உலை கொதிக்காது. அவர்களுக்குத் தேவைப்பட்டது சம்பளத்தோடு கூடிய நாட்கள்.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் பெண்ணை வேலை வாங்கக்கூடாது என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1919-இல் உடன்படிக்கை செய்தது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928-இல் பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர்களில் அம்பேத்கர் ஒருவர். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் அரசுக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு பம்பாயிலும், 1934-இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் வந்தது. தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்த இலங்கைத் தோட்டங்களுக்கு 1939-இல் பேறுகால உதவிச் சட்டம் வந்தது. இந்தியா முழுவதற்குமான சட்டம் 1961-இல் 12 வாரம் தந்தது. 2017-இல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு அது 26 வாரமானது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு.

வயலில் கூலிக்குப் போகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் இந்த வாரக் கணக்கெல்லாம் எட்டவில்லை. அவர்களை எண்ணித் தமிழ்நாடு தொடங்கியதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-இல் தொடங்கிய திட்டத்தின் தொகை 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று வளர்ந்தது. ஏழைப் பெண் சத்தாகச் சாப்பிடவும், இழந்த கூலியை ஈடுகட்டவும் தரும் பணம் இது.

அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களுக்கு 2015 முதல் கொடுத்த பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள் இருந்தன. துண்டு, கொசுவலை, எண்ணெய், கிலுகிலுப்பை என்று பெரும்பாலும் குழந்தைக்கு. தாய்க்கென்று இருந்தவற்றில் ஒன்று சௌபாக்கிய சுண்டி லேகியம். சுக்கை முதன்மையாகக் கொண்ட அந்தப் பழைய மருந்து, கிண்டிக் கொடுக்கத் தாய்வீடு இல்லாதவளுக்கும் அரசாங்க டப்பாவில் அடைத்துக் கிடைத்தது. வீட்டுக்குப் போனபின் அவளுடைய குடத்தையும் துணி மூட்டையையும் யார் சுமப்பது என்பதற்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் இடம் ஒதுக்கவில்லை.