விந்தணுவின் உட்கருவை அவிழ்க்கும் கருமுட்டை

பாலூட்டியின் விந்தணு கருமுட்டைக்குள் நுழையும்போது அதன் உட்கரு உறங்கிக்கிடக்கிறது. மனித விந்தணுவில் சுமார் 1 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ., 5 மைக்ரோமீட்டர் அளவே உள்ள தலைக்குள் இறுகிக் கிடக்கும். அந்நிலையில் மரபணுக்கள் இயங்குவதில்லை, டி.என்.ஏ. இரட்டிக்கவும் வழியில்லை. அந்த இறுக்கத்தைத் தளர்த்தி, பழைய புரதங்களை நீக்கிப் புதியவற்றை இட்டு, புதிய உறையும் போர்த்தி, அதை ஆண் முன்கருவாக மாற்றுவது கருமுட்டைதான். இந்த வேலை முட்டையுடையது என்பது உறுதிப்பட வெகுகாலம் ஆயிற்று. துள்ளி நீந்தும் விந்தணுவே செயல் புரிவது, முட்டை வெறுமனே காத்திருப்பது என்ற எண்ணம் அத்தனை ஆழமாக வேரூன்றியிருந்தது.

லேவன்ஹூக் 1677இல் நுண்ணோக்கியில் விந்தணுக்களைக் கண்டார். பாலூட்டியின் கருமுட்டையைக் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபொன் பேர் 1827இல்தான் கண்டுபிடித்தார். பெல்ஜியத்தின் எதுவார் வான் பெனடன் 1875இல் முயலின் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்த்து, அவற்றை முன்கருக்கள் என்றார். அதே காலத்தில் ஜெர்மானியரான ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் கண்ணாடிபோன்ற முட்டையில் அத்தகைய இரண்டு உட்கருக்கள் இணைவதைக் கண்டு, ஒன்று விந்தணுவிலிருந்து வந்தது என்று விளக்கினார். சிறிய விந்தணுத் தலை எப்படிப் பெரிய உட்கருவாகப் பருத்தது என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் விடையின்றி நின்றது.

விடையின் முதல் இழை வேதியியலிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஃபிரீட்ரிக் மீஷர், ரைன் ஆற்றுச் சால்மன் மீனின் விந்தணுக்களிலிருந்து காரத்தன்மையுள்ள ஒரு பொருளைப் பிரித்து, 1874இல் அதற்குப் புரோட்டமின் என்று பெயரிட்டார். உடலின் மற்ற செல்களில் டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றியிருக்கும். விந்தணு முதிரும்போது பெரும்பாலான ஹிஸ்டோன்கள் விலகி, அந்த இடத்தைப் புரோட்டமின் பிடித்துக்கொள்கிறது. பாலூட்டிகள் பலவற்றின் புரோட்டமினில் கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் உண்டு. விந்தகத்தை விட்டு வெளியேறும் விந்தணு, விந்தக மேற்சுருள் குழலில் பயணிக்கையில் இந்த சிஸ்டீன்களுக்கிடையே டைசல்ஃபைடு பிணைப்புகள் உருவாகி, உட்கரு இன்னும் கெட்டிப்படுகிறது என்று ஹெரால்டு கால்வினும் மைக்கேல் பெட்ஃபோர்டும் 1971இல் காட்டினர். சோதனைக்குழாயில் இந்தக் கட்டைத் தளர்த்த டைசல்ஃபைடை உடைக்கும் வேதிப்பொருளும் சோப்பு போன்ற கரைப்பானும் வேண்டியிருக்கிறது. உயிருள்ள முட்டையோ எதையும் சிதைக்காமல் சிறிது நேரத்தில் அதைச் செய்து முடிக்கிறது.

உடலுக்குள் மறைந்து நடக்கும் இந்நிகழ்வை நேரில் பார்க்க, முதலில் முட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்ய வேண்டியிருந்தது. பெண் இனப்பெருக்கப் பாதையில் சிறிது நேரம் தங்கினால்தான் விந்தணு கருவுறச் செய்யும் திறன் பெறுகிறது என்பதை சாங், ஆஸ்டின் என்னும் ஆய்வாளர்கள் 1951இல் தனித்தனியே கண்டறிந்தது அதற்கு வழிவிட்டது. 1963இல் ரியூசோ யானகிமாச்சியும் சாங்கும் ஹாம்ஸ்டர் முட்டைகளைச் சோதனைத் தட்டில் கருவுறச் செய்தனர்.

பின்னர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் யானகிமாச்சியின் குழு செய்த ஆய்வுகளே இந்த வரலாற்றின் திருப்புமுனை. 1976இல் உசூயியும் அவரும் பல்வேறு முதிர்ச்சி நிலைகளில் உள்ள ஹாம்ஸ்டர் முட்டைகளுக்குள் விந்தணுக்களை நுழையச் செய்தனர். முதிராத முட்டையில் விந்தணுவின் உட்கரு தளரவே இல்லை. குன்றல் பகுப்பு மீண்டும் தொடங்கி முட்டை முதிர்ந்ததும் தளர்ந்தது. கருவுற்று முன்கருக்கள் உருவான பின் நுழைந்த விந்தணு மறுபடியும் கெட்டியாகவே கிடந்தது. ஆக, அவிழ்க்கும் ஆற்றல் முட்டைக்குள் ஒரு குறிப்பிட்ட காலத்தில் தோன்றி, வேலை முடிந்ததும் மறைகிறது. அதே ஆண்டு உயேஹராவும் யானகிமாச்சியும் விந்தணுக்களை நுண்ணூசியால் நேரே முட்டைக்குள் செலுத்தினர். உறையவைத்து உலர்த்திய விந்தணுவின் உட்கருகூட முன்கருவாக மாறியது. ஹாம்ஸ்டர் முட்டைக்குள் மனித விந்தணுவும் அப்படியே மாறியது. விந்தணு உயிரோடிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, முட்டை உயிரோடும் உரிய பருவத்திலும் இருந்தால் போதும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சோதனை இல்லை.

அந்த ஆற்றல் எது? பிரான்சின் ஷார்ல் திபோ, உடலுக்கு வெளியே முதிர்ந்த முயல் முட்டைகளில் விந்தணு நுழைந்தும் ஆண் முன்கரு வளராததைக் கண்டு, சைட்டோபிளாசத்தில் ஒரு வளர்ச்சிக் காரணி குறைகிறது என்று ஏற்கெனவே கருதியிருந்தார். 1980களில் அமெரிக்காவில் சாலி பெரால்ட்டும் அவருடைய சகாக்களும் அதன் ஒரு பகுதியை இனங்கண்டனர். முட்டை முதிரும்போது சேர்த்துவைக்கும் குளூட்டாதயோன் என்னும் சிறு மூலக்கூறுதான் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கத் துணைபுரிகிறது. அதைக் குறைத்தால் முட்டையால் விந்தணுவை அவிழ்க்க இயலவில்லை.

பிணைப்பு உடைந்தால் மட்டும் போதாது, புரோட்டமினும் விலக வேண்டும். தவளை முட்டையில் இதைச் செய்வது நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதம் என்று 1991இல் ஃபில்பாட், லெனோ, லாஸ்கி ஆகியோர் காட்டினர். சுண்டெலியில் கதை அவ்வளவு நேரானதாக இல்லை. அதன் இணைப் புரதத்துக்கான மரபணுவை 2003இல் நீக்கிப் பார்த்தபோதும் விந்தணுவின் உட்கரு தளர்ந்தது. SRPK1 என்னும் நொதி, புரோட்டமினில் பாஸ்பேட்டை ஏற்றி அதன் பிடியைத் தளர்த்துவது 2020இல் சுண்டெலியில் தெரியவந்தது. காலியான இடத்தில் முட்டை தன் கையிருப்பிலுள்ள ஹிஸ்டோன்களை அமர்த்துகிறது. புரதங்கள் மட்டுமல்ல, தந்தைவழி டி.என்.ஏ.யில் மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் மெத்தில் அடையாளங்களும் முதல் செல் பிளவுக்கு முன்பே பெருமளவு அழிவதை 2000இல் ஜெர்மன் ஆய்வுக்குழுக்கள் சுண்டெலியில் கண்டன.

இப்படி உருவான ஆண் முன்கருவும் பெண் முன்கருவும் முட்டையின் நடுப்பகுதிக்கு வருகின்றன. கடல் முள்ளெலியில் அவை ஒன்றாகிவிடும். பாலூட்டிகளில் அப்படி இல்லை. இரண்டின் உறைகளும் கரைந்த பிறகே குரோமோசோம்கள் வெளிப்பட்டு முதல் பிளவுக்கு ஆயத்தமாகின்றன. அப்போதும் தாயின் தொகுதிக்கும் தந்தையின் தொகுதிக்கும் குரோமோசோம்களைப் பிரிக்கும் தனித்தனிக் கதிர்க்கோல்கள் முதலில் அமைந்து, பிறகே அருகருகே சேர்கின்றன என்பதை 2018இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சுண்டெலிக் கருவில் படம்பிடித்தனர்.