லயன்ஸ் தேநீர்ச்சாலைகளின் எழுச்சியும் மறைவும்

ஒரே பெயர்ப்பலகை, ஒரே விலைப்பட்டியல், எத்தெருவிற் சென்றாலும் ஒரே சுவை என்னும் உணவக முறையை அமெரிக்கரின் கண்டுபிடிப்பாகக் கருதுவோர் பலர். ஆயின் மக்டொனால்ட் சகோதரர் கலிபோர்ணியாவிலே தமது கடையைத் திறந்த 1940ஆம் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே, 1894இல், இலண்டன் பிக்கடில்லி வீதி 213ஆம் இலக்கத்தில் ஜே. லயன்ஸ் கம்பனி தனது முதலாவது தேநீர்ச்சாலையைத் திறந்துவிட்டது. வெண்ணிறமும் பொன்னிறமுமான அதன் முகப்பு, பின்னர் பிரித்தானிய நகரங்களின் கடைவீதிகளுக்குப் பழகிய காட்சியாயிற்று. உச்சநிலையில் இத்தகைய சாலைகள் சுமார் 250 இருந்தன.

கம்பனியின் உண்மையான முதலாளிகள் புகையிலை வணிகரான சாமன், குளுக்ஸ்டைன் குடும்பத்தினர். உணவு வாணிபத்தோடு தம் பெயரை இணைக்க விரும்பாத அவர்கள், உறவினரான ஜோசப் லயன்ஸ் என்பவரின் பெயரை வைத்தனர். அக்காலத்து இலண்டனில் வெளியே உண்ண விரும்பியவருக்கு ஒருபுறம் மதுச்சாலை, மறுபுறம் செலவுமிக்க ஹோட்டல், இடைநிலை அரிது. சிறப்பாக, துணையின்றி வரும் பெண்ணொருத்தி மதிப்புக் குறையாது அமர்ந்து உண்ணத்தக்க இடங்கள் மிகச் சிலவே. அலுவலகங்களிலே தட்டெழுத்தாளராகவும் எழுதுவினைஞராகவும் பெண்கள் பெருகிய காலமது. அவர்களுக்குக் கைக்கெட்டிய விலையில் ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பணிஸும் கிடைக்கச் செய்ததே லயன்ஸின் வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

1909இல் கொவென்றி வீதியிலும், 1915இல் ஸ்ட்ராண்டிலும், 1928இல் ரொட்டன்ஹாம் கோர்ட் வீதியிலும் ‘கோர்ணர் ஹவுஸ்’ எனப்பட்ட பெரும் உணவகங்கள் எழுந்தன. பல மாடிகள், மாடிதோறும் வெவ்வேறு உணவறைகள், அவற்றில் வாத்தியக் குழுக்கள் என அமைந்த இவை, மாளிகையின் ஆடம்பரத்தைச் சாதாரண மனிதனுக்குச் சில மணிநேரம் வாடகைக்கு விட்டன. கறுப்பு உடை, இரட்டை வரிசை முத்துப் பொத்தான், வெள்ளை மேலங்கி, தலையில் ‘எல்’ எழுத்துப் பொறித்த தொப்பி ஆகியவற்றோடு பரிமாறிய பணிப்பெண், 1920களின் நடுப்பகுதி முதல் ‘நிப்பி’ என அழைக்கப்பட்டாள். துரிதமாக ஓடியாடுபவள் என்பதே அப்பெயரின் குறிப்பு. லயன்ஸை நினைவுகூர்வோர் பெரும்பாலும் இவளையே நினைவுகூர்கின்றனர்.

ஆனால் நிறுவனத்தைத் தாங்கியது வேறொன்று. ஒரு கோப்பையில் கிடைத்த இலாபம் மிக அற்பம். எனவே ஒவ்வொரு பெனியும் எண்ணப்படவேண்டியதாயிற்று. ஹமர்சிமித்திலிருந்த காட்பி ஹோல் தலைமையகத்தில், பணிப்பெண்கள் எழுதிய சிட்டைகளைக் கூட்டிச் சரிபார்ப்பதற்கென்றே எழுதுவினைஞர் கூட்டமொன்று இருந்தது. இச்சுமையைக் குறைக்கும் வழிதேடி 1947இல் கம்பனியின் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா சென்றனர். தேடியது தம் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸின் ஆய்வுகூடத்தில் உருவாகி வருவதை அங்குதான் அறிந்தனர்! கம்பனி அவ்வாய்வுக்கு 3,000 பவுண் வழங்கிற்று. பின்னர் அதே மாதிரியில் ஜோன் பிங்கேர்டனைக் கொண்டு ‘லியோ’ என்னும் கணனியை அமைத்தது. ஆயிரக்கணக்கான வால்வுகளும், நினைவுக்குப் பாதரசக் குழாய்களும் கொண்ட அவ்வியந்திரம் 1951 நவம்பரில் வெதுப்பகத்துப் பாண், கேக் வகைகளின் பெறுமதியைக் கணக்கிட்டது. வணிக நிறுவனமொன்றின் அன்றாடப் பணியைக் கணனி செய்த முதல் நிகழ்ச்சியாக இதுவே கருதப்படுகின்றது. 1954 அளவில் தேநீர்ச்சாலைகளின் கட்டளைகளும் அதனிடம் வந்தன. சாலைப் பொறுப்பாளர் வழமையான கட்டளையில் வேண்டிய மாற்றத்தை மட்டும் தொலைபேசியிற் கூறுவார். மறுநாள் எக்கடைக்கு எத்தனை பணிஸ் என்பதை இயந்திரம் கூட்டித் தரும்.

பணிஸையும் எண்ணிய இக்கணக்கிலே தேயிலை, கொள்விலை என்னும் ஓர் இலக்கமாகவே இடம்பெற்றது. பிரித்தானியத் தேயிலை வணிகத்தின் மையமாயிருந்த இலண்டன் மின்சிங் லேனில் இலங்கைத் தேயிலை ஏலம் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அதனைக் கொய்த மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. தேநீர்ச்சாலை நினைவுகளில் நிப்பிக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கணக்கு எவ்வளவு நுட்பமாயினும் கடைகளைக் காக்கவில்லை. போர்க்காலத்து ஆட்பற்றாக்குறையோடு பரவிய சுயசேவை முறை நிப்பியைப் படிப்படியாக அகற்றியது. 1954இல், கொவென்றி வீதிக் கோர்ணர் ஹவுஸின் உள்ளேயே, கம்பனி ‘விம்பி’ என்னும் அமெரிக்கப் பெயருடைய ஹம்பேர்கர் கடையைத் திறந்தது. தன் வாரிசைத் தானே வீட்டுக்குள் அழைத்துவந்த கதைதான். 1970களில் வெளிநாட்டு நாணயங்களிற் பெற்ற பெருங்கடன், 1976இல் பவுண் வீழ்ந்தபோது தாங்கொணாச் சுமையாயிற்று. 1977இல் ஸ்ட்ராண்ட் கோர்ணர் ஹவுஸ் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு கம்பனியையே மதுவடிப்போரான அலைட் புறூவரீஸ் வாங்கிக்கொண்டது. மதுச்சாலைக்கு மாற்றாகத் தோன்றிய நிறுவனம் மதுவடிப்பவர் கைக்கே போய்ச்சேர்ந்தது. லியோ பிரிவோ 1963இலேயே வேறு கம்பனியோடு இணைந்து, 1968இல் ஐ.சி.எல். என்னும் கணனி நிறுவனத்துள் அடங்கிவிட்டது. லயன்ஸ் என்ற பெயர் தாங்கிய தேயிலைப் பொதிகள் அயர்லாந்துக் கடைகளில் இன்றும் விற்பனையாகின்றன.