கடலூர், சிதம்பரம் வட்டாரக் கத்தோலிக்கப் பங்குகளில் பாட்டும் பாடகர் குழுவும்

முன்னுரை

ஒரு பங்கின் வரலாற்றை எழுதுவோர் ஆலயம் கட்டிய ஆண்டையும், பங்குத்தந்தையரின் பெயர்களையும், கொடிமரம் நட்ட நாளையும் தவறாமல் குறிக்கின்றனர். அந்த ஆலயத்தில் மக்கள் எந்தப் பாட்டை எந்த மெட்டில் பாடினார்கள், யார் அதைக் கற்றுக்கொடுத்தார் என்பதை எழுதுவோர் குறைவு. கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, பாட்டுக்கு இல்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கத்தோலிக்க மக்களின் பாட்டு வளர்ந்த வழியையும், அதில் இன்று காக்க வேண்டியது எது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வட்டாரம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. புதுவை 1886இல் உயர்மறைமாவட்டமாயிற்று. 1953இல் அதன் பெயருடன் கடலூரும் சேர்ந்தது. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்டபின், 1776 முதல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் இப்பணியை ஏற்றனர்.

கோணான்குப்பமும் வீரமாமுனிவரும்

விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை ஆலயம் இருக்கிறது. அதை எழுப்பியவர் இத்தாலியில் 1680இல் பிறந்த இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர். 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட தேம்பாவணியை இயற்றியவர் அவரே.

தேம்பாவணி கற்றோர்க்கு உரிய காப்பியம். கல்லாத மக்களுக்கு அவர் வேறு வழி கண்டார். பெண்கள் காய் வீசி ஆடும்போது பாடும் அம்மானை வடிவத்தை எடுத்துக்கொண்டு, ஒரு புனிதையின் வரலாற்றைக் கித்தேரி அம்மாள் அம்மானையாகப் பாடினார். அடைக்கல அன்னைக்குக் கலம்பகமும், அன்னையின் துயரத்துக்கு அந்தாதியும் செய்தார். செய்தி புதியது, அதைத் தாங்கிய பாட்டு வடிவம் மக்கள் முன்பே அறிந்தது. ஆகவே கேட்டவர்கள் கேட்பதோடு நில்லாமல், தாங்களும் பாட முடிந்தது.

கீர்த்தனை பிறந்த மண்

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்புடைய தமிழ்க் கீர்த்தனை செழித்த இடமும் இந்த வட்டாரமே. சீர்காழி முத்துத்தாண்டவர், தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை, சீர்காழி அருணாசலக் கவிராயர் ஆகிய மூவரையும் தமிழிசை மூவர் என்பர். பின்னிருவரும் 18ஆம் நூற்றாண்டினர்.

பல்லவி என்பது திரும்பத் திரும்ப வருவது. ஒருவர் சரணத்தைப் பாட, கூட்டம் முழுவதும் பல்லவியை எடுக்கலாம். கூட்டு வழிபாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் அரிது. கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) இதை நன்கு பயன்படுத்தினார். நீதிமன்ற முன்சீப்பாகப் பணியாற்றிய அவர் 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எல்லாச் சமயத்தவரும் பாடத்தக்கதாக எழுதப்பட்ட அக்கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளிலும் ஒலித்தன. இன்று ஆலயங்களில் நாம் பாடும் பாட்டுகளில் பெரும்பாலானவை ‘பல்லவியும் இரண்டு மூன்று சரணமும்’ என்ற அமைப்பிலேயே உள்ளன என்பது இங்கு நினைக்கத்தக்கது.

இலத்தீன் பூசைக் காலம்

பூசை மட்டும் இலத்தீனிலேயே நடந்தது. 1903 நவம்பர் 22 அன்று பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை, கிரகோரியன் இசையே ஆலய இசைக்கு முன்மாதிரி என்றது, பியானோவை விலக்கியது, வழிபாட்டுப் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றும் கூறியது. 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடல்தான் சில நிபந்தனைகளோடு பெண்கள் பாட இடமளித்தது.

அக்காலத்தில் பாட்டுப் பூசை என்றால் சிறுவர்களும் ஆண்களும் இலத்தீன் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவது வழக்கம். கற்றுக்கொடுத்தவர்கள் உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும். துணைக்கு ஆர்மோனியம் இருந்தது. 1842இல் பாரிசில் உரிமம் பெற்ற அக்கருவி, கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாக மாறியபின் இந்தியா முழுவதும் பரவியது. பெரிய குழாய் ஆர்கன் வாங்க இயலாத ஆலயங்களுக்கு அதுவே கைகொடுத்தது.

பீடத்தருகே இலத்தீன் ஒலித்தாலும், பூசைக்கு வெளியே தமிழ் ஓயவில்லை. தவக்காலத்தில் சிலுவைப் பாதை, பாடுகளின் புலம்பல், செபமாலைக்குப் பின் மாதா பாட்டு, திருநாளில் தேர்ப் பாட்டு ஆகிய அனைத்தும் தமிழில் இருந்தன. ஆலயப் பாடகர் குழுவில் இடம்பெறாத பெண்கள் இங்கே முன்னின்று பாடினர். ஒப்பாரி அறிந்த குரலுக்கு வியாகுல அன்னையின் புலம்பல் அந்நியமாக இருக்கவில்லை. எழுதப்படாத மெட்டுகளைத் தாயிடமிருந்து மகளுக்குக் கொண்டுசென்றவர்கள் இவர்களே.

தமிழில் பூசை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. தாய்மொழிக்கு இடம் கிடைத்தது. தமக்கென இசை மரபுடைய நாடுகளில் அந்த இசைக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என அதன் 119ஆம் பிரிவு கூறுகிறது.

தமிழ் நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கே முதலிடம் வேண்டும் என்ற குரல் அதற்கு முன்பே சிதம்பரத்தில் எழுந்திருந்தது. அண்ணாமலை அரசர் 1929இல் அங்கே இசைக் கல்லூரியை நிறுவினார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடையில் எழுந்த அதே கேள்வி, சுமார் 20 ஆண்டுகளுக்குப் பின் பீடத்தின் முன்னும் எழுந்தது எனலாம்.

இம்மாற்றத்தை இந்தியா முழுவதும் முன்னெடுத்தவர்களில் ஒருவர் இந்த உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த குருவான அமலோர்பவதாஸ். கல்லேரியில் பிறந்த அவர், பெங்களூரில் 1967இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தின் முதல் இயக்குநர். 1977இல் திருச்சியில் கலைக் காவிரி தோன்றியது. கர்நாடக இசையிலும் பரதத்திலும் பயிற்சி தந்ததுடன், ஒலிநாடாக்கள் வழியாகப் புதிய பாடல்களைச் சிற்றூர்ப் பங்குகளுக்கும் கொண்டுசேர்த்தது.

பாடகர் குழுவின் பணி

தமிழ்ப் பூசை வந்ததும் பாடகர் குழுவின் வேலை பெருகியது. வருகைப் பாடல், இரக்கப் பாடல், வானவர் கீதம், பதிலுரைப் பாடல், அல்லேலூயா, காணிக்கைப் பாடல், தூயவர், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல் என ஒவ்வொரு ஞாயிறும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவை அன்றைய வாசகத்துக்கும் காலத்துக்கும் பொருந்த வேண்டும்: தவக்காலத்தில் வானவர் கீதமும் அல்லேலூயாவும் இல்லை. டிசம்பரில் வீடு வீடாகச் செல்லும் கேரல் பவனியும் இக்குழுவின் பொறுப்பே.

ஆர்மோனியம், தபேலா இருந்த இடத்தில் இப்போது தாளத்தையும் தானே வாசிக்கும் மின்னணு கீபோர்டு உள்ளது. கருவி மாறுவதில் குற்றமில்லை. ஆர்மோனியமும் ஒரு காலத்தில் புதியதே. ஆனால் குழுவினரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தி, வாரந்தோறும் புதுப் பாட்டாகவே பாடினால், எதிரே நிற்கும் மக்கள் வாய்மூடிக் கொள்கின்றனர். அப்போது வழிபாடு கச்சேரியாகி விடுகிறது. மக்களைப் பாட வைப்பதே பாடகர் குழுவின் முதல் பணி. அவர்களுக்குப் பதிலாகப் பாடுவதன்று.

முடிவுரை

நம் பங்குப் பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் சொல் இருக்கிறது, மெட்டு இல்லை. ஒலிநாடாவில் பதிவான பாடலுக்கு மெட்டு நிலைத்துவிட்டது. அதற்கு முந்திய புலம்பலுக்கும் தேர்ப் பாட்டுக்கும் மெட்டு, 70, 80 வயதைக் கடந்த சிலருடைய நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் மறைந்தால் புத்தகத்தில் எஞ்சுவது வெறும் வரிகளே.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒவ்வொரு பங்கிலும் இளைஞர் இருவர் கைப்பேசியுடன் மூத்தோரிடம் சென்று, பாட்டை முழுமையாகப் பதிவு செய்யலாம். பாடியவர் அதை யாரிடம் கற்றார், எந்த நாளில் பாடுவர் என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். சுரம் எழுதத் தெரிந்தவர்கள் பின்னர் எழுதிக்கொள்வார்கள். அம்மானையாகவும் கீர்த்தனையாகவும் புலம்பலாகவும் மக்கள் நாவில் வாழ்ந்த பாட்டு, அடுத்த தலைமுறையின் நாவுக்கும் சென்று சேர வேண்டும்.