உப்பா, கருப்பட்டியா?

தென்சீனக் கான்டனியர்கள் சுடும் பன்றி இறைச்சியில் இரண்டு வகை பேர்பெற்றவை. சார் சியூ என்பது எலும்பில்லாத தோள்பட்டைக் கறியை நீளவாக்கில் நறுக்கி, இனிப்பும் சோயா சாஸும் கலந்து ஊறவைத்து, பாகு பூசிச் சுடுவது. சியூ யூக் என்பது தோல், கொழுப்பு, சதை மூன்றும் அடுக்காக இருக்கும் வயிற்றுப் பகுதியை, தோல் அப்பளம்போல் பொரியும்வரை சுடுவது. ஹாங்காங்கிலேயே இவற்றை வீட்டில் செய்பவர்கள் குறைவு. பெரும்பாலோர் கடையில் தொங்குவதை வெட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படியானால் நம் ஊரான சாகுபுரத்தில், ஒரு சின்ன ஓ.டி.ஜி. அடுப்பை நம்பி எதில் இறங்கலாம்?

பொருள்களைப் பார்த்தால் சியூ யூக் நமக்கு உறவுக்காரன். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, சோம்பு எல்லாம் பிரியாணிக்கு வாங்குபவைதான். சிச்சுவான் மிளகு மட்டும் இல்லை. நம் மிளகைப் போட்டால் அந்த மரத்துப்போகும் உணர்வு வராது, மற்றபடி குறையில்லை. இவற்றை அரைத்த பொடியைச் சதையில் மட்டும் தேய்க்க வேண்டும். தோலுக்கு வினிகரும் கல்லுப்பும் போதும். ஆறுமுகநேரி உப்பளங்களை அடுத்து, உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊரில் கல்லுப்புக்கா பஞ்சம்!

சிக்கல் காற்றில் இருக்கிறது. தோல் பொரிய வேண்டுமானால் அதன் மேற்பரப்பு முதலில் காய வேண்டும். ஈரமிருந்தால் அடுப்புச் சூடு அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவாகும், தோல் ரப்பராகிவிடும். இந்தக் கடற்கரைக் காற்றில் கறியைக் கட்டித் தொங்கவிட்டால் காய்வதற்குள் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜ்தான் வழி. கறியைக் கொதிநீரில் சற்றே வேகவைத்து, ஈரம் துடைத்து, கூரான கம்பியால் தோல் முழுக்கக் குத்தி, மூடாமல் ஓர் இரவு உள்ளே வைக்க வேண்டும். கம்பி சதைவரை இறங்கினால் சாறு மேலேறித் தோலை நனைத்துவிடும். மறுநாள் தோல்மேல் கல்லுப்பைப் பரப்பி 180 டிகிரியில் ஒரு மணிநேரம். பிறகு உப்பை வழித்தெடுத்துவிட்டு, அடுப்பை உச்சத்தில் வைத்துக் கொப்புளம் கிளம்பும்வரை.

சார் சியூவில் இந்தத் தவம் எதுவும் வேண்டாம். ஓர் இரவு ஊறினால் போதும். 200 டிகிரியில் அரைமணி நேரத்துக்கு மேல் வெந்தபின் பாகைப் பூசிப் பூசிச் சுடலாம். தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவைத்தால் சொட்டும் கொழுப்பு புகையாது. ஆனால் பொருள்கள்தான் தூரத்துச் சரக்கு: மால்டோஸ் பாகு, ஹாய்சின் சாஸ், சிவப்பு நிறம் தரும் நொதித்த சோயாக் கட்டி. உடன்குடிக் கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, சோயா சாஸ், இஞ்சி, பூண்டோடு சேர்க்கலாம்; அருமையாக இருக்கும். ஆனால் கருப்பட்டிக்கென்று ஒரு புகைமணம் உண்டு, நிறமும் கறுத்துவிடும். வருவதைச் சார் சியூ என்று சொன்னால் கான்டனியர் ஒருவர் கோபித்துக்கொள்வார். பக்கத்துப் பழைய காயல் துறைமுகத்தில் பிஷப் கால்டுவெல் சீனப் பாண்டத் துண்டுகளைக் கண்டெடுத்தார் என்றாலும், அந்த உறவை இவ்வளவு தூரம் நீட்ட முடியாது.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. மேய்ந்து திரிந்த பன்றி வேண்டாம், நாடாப்புழு அபாயம் உண்டு. பண்ணையில் வளர்ந்த வெண்பன்றியே வாங்குங்கள், நடுச்சதைவரை நன்றாக வேகட்டும்.

என் தீர்ப்பு: கை பழகச் சார் சியூ, அசல் ருசிக்குச் சியூ யூக். முன்னதில் தவறினால் சுவை கொஞ்சம் மாறும், சாப்பிடலாம். பின்னதில் தோல் பொரியாவிட்டால் விருந்தே போச்சு. கிறிஸ்துமஸுக்குச் சியூ யூக் செய்ய நினைப்பவர்கள் 23ஆம் தேதியே கடைக்குப் போய், துண்டு போடாமல் தோலோடு முழுப் பாளமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.