பள்ளிப் பால் (பிரிட்டன்)

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் அரசு வழங்கிய பால். இதற்கு வலுச்சேர்த்தது, 1920களில் லண்டனுக்கு அருகே சிறுவர் இல்லம் ஒன்றில் மருத்துவர் கோரி மான் நடத்திய ஆய்வு. வயிறார உண்டுவந்த சிறுவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் நாள்தோறும் ஒரு பைண்ட் பால், அதாவது அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக, கூடுதலாகத் தரப்பட்டது. ஓராண்டில் அவர்கள் சராசரியாக 2.63 அங்குலம் வளர்ந்தார்கள். வழக்கமான சாப்பாட்டோடு நின்றவர்கள் 1.84 அங்குலம்தான். வயிறு நிறைவது வேறு, வளர்ச்சிக்கு வேண்டியது கிடைப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

1934 முதல் மூன்றில் ஒரு பைண்ட் பால் அரைப் பென்னிக்குக் கிடைத்தது. 1946இல் 18 வயதுக்குட்பட்ட மாணவர் அனைவருக்கும் இலவசமானது. குட்டிக் கண்ணாடிப் பாட்டில், ஒரு ஸ்ட்ரா. குளிர்காலத்தில் பால் உறைந்து மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

உயர்நிலைப் பள்ளிகளில் 1968இல் நிறுத்தினார்கள். 1971இல் கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர் ஏழு வயதைக் கடந்தவர்களுக்கும் நிறுத்த, அந்தப் பழி கடைசிவரை அவரை விடவில்லை.

100 மி.லி. பசும்பாலில் சுமார் 120 மி.கி. கால்சியம் உண்டு, இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலை மட்டுமே நம்பி வளரும் சிறு குழந்தைக்கு இரத்தசோகை வரக்கூடும். எலும்பு வேகமாக வலுப்பெறுவது பதின்வயதில். முதல் வெட்டு விழுந்ததோ அந்த வயதினர்மீதுதான்.