டெக்ஸா, டைகரா? சிவகாசி அச்சடித்த ஒரு சண்டை

கம்ப்யூட்டர் கேம் ஆட்களிடம் தீராத சண்டை ஒன்று உண்டு. 'அல்டிமா' தொடரில் 1985-ல் வந்த நாலாம் பாகம் பெரிசா, 1992-ல் வந்த ஏழாம் பாகம் பெரிசா? முப்பது வருஷமாகப் பேசுகிறார்கள், இன்னும் முடியவில்லை. விருதுநகர் மாவட்டத்துக்காரனுக்கு இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். எண்பதுகளில் எங்க பக்கம் கம்ப்யூட்டர் ஏது? ஆனால் இதே சண்டையை எங்காளுங்க அப்பவே போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. 'பாம்புத் தீவா', 'நாச அலைகளா'?

காமிக்ஸ் ஏன் சென்னையில் பிறக்காமல் சிவகாசியில் பிறந்தது என்று நிறையப் பேர் கேட்பதுண்டு. பதில் தீப்பெட்டியில் இருக்கிறது. 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தது, பின்னாடியே பட்டாசு வந்தது. இரண்டுக்குமே லேபிள் வேண்டும், அதுவும் கலர் லேபிள். அதற்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர், டைரி, நோட்டு என்று விரிந்தன. மிஷினும் கைத்திறனும் தயாராக இருந்த ஊரில் ஒருத்தருக்குப் படக்கதை ஆசை வந்தால் போதும். அந்த ஒருத்தர் எம். சௌந்தரபாண்டியன். 1972-ல் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தார். முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'.

மாயாவியின் சொந்த ஊர் லண்டன். 1962 அக்டோபரில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் வந்தவர். வரைந்தவர் ஜேசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். நாயகன் லூயிஸ் கிராண்டெல், ஒரு கை இரும்புக்கை. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மூலக்கதையில் ஆரம்பத்தில் அவர் வில்லன், பிறகுதான் திருந்தி உளவாளி ஆகிறார். நம்ம ஊர்ப் பையன்களுக்கு அவர் என்றைக்குமே நல்லவர்தான்.

ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களோடு பேசும்போது இங்கே ஒரு குழப்பம் வரும். அங்கே 'மாயாவி' என்றால் ஃபேன்டம், முகமூடி போட்ட காட்டு வீரர். அதே ஃபேன்டம் முத்துவில் வேதாளன். "மாயாவி கதையில எது பெஸ்ட்?" என்று இரண்டு பேர் அரை மணி நேரம் வாதாடிவிட்டு, பேசியது இரண்டு வேறு ஆட்களைப் பற்றி என்று கண்டுபிடிப்பதெல்லாம் சகஜம்.

1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. முதல் இதழ் 'கத்திமுனையில் மாடஸ்தி'. பிறகு ஸ்பைடர் வந்தார், ஆர்ச்சி வந்தது. (ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். நமக்கு இது ரொம்ப நாள் தெரியாது, ஏன்னா அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பத்திரிகைகளே பெரும்பாலும் படைப்பாளிகள் பெயரைப் போடாது.) கொஞ்சம் தள்ளி இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லரும், பிரெஞ்சிலிருந்து கேப்டன் டைகரும் வந்து சேர்ந்தார்கள். அதற்கப்புறம் ரசிகர்கள் இரண்டு கட்சி.

டைகரின் அசல் பெயர் புளூபெர்ரி. 1963-ல் ஷார்லியே எழுத, ழான் ஜிரோ வரைந்தது. பிரெஞ்சில் அவர் வெறும் லெப்டினன்ட். சிவகாசிதான் கேப்டன் பதவி கொடுத்தது.

எந்தக் கதை உசத்தி என்று இந்த இரண்டு கட்சியும் பேசுவதைக் கேட்டால் ஒரு விஷயம் புரியும். இரண்டு பேரும் ஒரே அளவுகோலை வைத்திருக்கவில்லை. 1948-ல் பிறந்த டெக்ஸ், எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஸ்டேட்லெஸ். போன கதையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டியதில்லை. எந்த இதழை எடுத்தாலும் டெக்ஸ் சரி, எதிரி தப்பு, கார்சன் முணுமுணுப்பார். டைகர் அப்படி இல்லை. சூதாடி, கட்டளை மீறுபவர். தென்னவர் படையின் தங்கத்தைத் தேடிப் போனவர் மீதே திருட்டுப் பழி விழுகிறது. ராணுவம் துரத்துகிறது, போதாக்குறைக்கு ஜனாதிபதி கிராண்டைக் கொல்லச் சதி செய்ததாகவும் பழி. ஒரு பாகம் தவறினால் அடுத்தது புரியாது. டைகர் ரசிகர் கதையின் நீளத்தை ரசிக்கிறார், டெக்ஸ் ரசிகர் பழகிய முகத்தை ரசிக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. டெக்ஸ் ரசிகர்களிடம் மிகச் சிறந்த கதை எது என்று கேட்டால் பலரும் சொல்வது 'கார்சனின் கடந்த காலம்'. மௌரோ போசெல்லி எழுதியது. அதில் டெக்ஸ் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறார், கிழ நண்பரின் இளமையும் பழைய கணக்கும்தான் கதை. டெக்ஸ் தொடரின் உச்சம் டைகர் மாதிரி கடந்த காலத்தைச் சுமக்கிற கதையாக இருக்கிறதே என்று நான் சொன்னால் டெக்ஸ் நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் உண்மை என்று படுகிறது.

டைகர் கட்சியில் 'தங்கக் கல்லறை'யா, 'மின்னும் மரணமா' என்று உள்கட்சிப் பூசல். என் ஓட்டு முதலாவதுக்கு. அரிசோனாவின் சூப்பர்ஸ்டிஷன் மலைகளில் தொலைந்துபோன தங்கச் சுரங்கம் என்ற நிஜ வதந்தியை எடுத்து, இரண்டே ஆல்பத்தில் முடித்திருக்கிறார்கள். 'மின்னும் மரணம்' பெரிய கோட்டைதான், ஆனால் கடைசிச் சுவர்களில் பூச்சு மெலிசு.

வெறும் ரசனைப் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' மூலம் லயன் மறுபடி எழுந்த பிறகு, பெரும்பாலும் முன்பணம் கட்டும் சந்தாதாரர்களை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. வருஷத்துக்கு இத்தனை இதழ்தான் என்ற நிலையில், ஒரு மாயாவி மறுபதிப்பு வந்தால் தமிழ் இதுவரை பார்க்காத ஒரு புதுக் கதைக்கு இடம் போகிறது. மறுபதிப்பு வராவிட்டால் பழைய நியூஸ்பிரின்ட் இதழ்கள் பொடியாகி, ஐந்தாறு பேர் பீரோவில் மட்டும் மிஞ்சும். என் சாய்வு புதுசுக்குத்தான். ஆனால் பழைய இதழின் கறுப்பு வெள்ளை மொழிநடையை வரிவரியாக நினைவு வைத்து, "இப்ப வந்ததுல அந்த வசனம் இல்லையே" என்று ஒருத்தர் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தமிழ் லண்டன் மூலத்திலும் கிடையாது, பாரீஸ் மூலத்திலும் கிடையாது. அது சிவகாசியில் உண்டான ஒரு தனி ஃபோர்க். அதற்கு பேக்அப் கிடையாது.

இரண்டு கட்சிக்கும் சேராத மூன்றாவது கூட்டமும் உண்டு: 'இரத்தப் படலம்' ஆட்கள். நினைவு இழந்த மனிதன், தோளில் பதிமூன்று என்ற எண். வான் ஹாம் எழுதி வான்ஸ் வரைந்து 1984-ல் தொடங்கிய 'XIII'. யூபிசாஃப்ட் இதை 2003-ல் கேமாகவே ஆக்கிவிட்டது, படக்கதைக் கட்டங்கள் திரையில் துள்ளும். தமிழில் லயனில் எண்பதுகளில் தொடங்கிய கதை, பதினெட்டு பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாக 2010-ல் கறுப்பு வெள்ளையில் வந்தது. ஆரம்பத்தில் பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தவர்கள் முடிவைப் படிக்கும்போது அவர்களுக்கே பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்தத் தொடரில் 2007-ல் பிரெஞ்சில் வந்த 'ஐரிஷ் வெர்ஷன்' பாகத்தை வான்ஸ் வரையவில்லை. வரைந்தவர் ழான் ஜிரோ. டைகர் கட்சிக்காரர்கள் அந்தப் பக்கங்களைத் திறந்து, குதிரை இல்லாமலேயே கையை அடையாளம் கண்டுகொள்ளலாம்.